நிலுவையில் உள்ளவர்கள்

மேலச்சந்தைக்கு வருகிற பஸ் எதுவானாலும் ஊருக்கு ஒரு மைல் முன்னாலேயே பயணிகள் தும்ம ஆரம்பித்துவிடுவார்கள், ஏனென்றால் எங்கள் ஊர் வத்தல் மண்டிகளின் ஊர், மல்லி, மஞ்சள், மிளகாய் என்று எதையாவது கொட்டி, அள்ளி, புடைத்து, அரைத்துக்கொண்டே இருக்கிற ஊர், அப்படிப்பட்ட ஊரில்தான் அரசாங்கம் ஒரு காலத்தில் தெற்கத்தி வியாபாரிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு வணிக மேல்முறையீட்டு மன்றத்தை வைத்தது. உரிமம் மறுக்கப்பட்டவர், உரிமம் பறிக்கப்பட்டவர், தராசு பறிமுதல் ஆனவர், கடைக்குச் சீல் விழுந்தவர் எல்லோரும் அங்கே போய், எனக்கு நடந்தது அநியாயம் என்று எழுதிக் கொடுக்கலாம். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் வழக்கு முடிகிற வரைக்கும் சாகவில்லை.

இதை முதலில் கண்டுபிடித்த பெருமை எங்களுக்கு இல்லை, தலைநகரத்தில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்குத்தான். மன்றத்தின் புள்ளிவிவர உதவியாளர் ஞானதிரவியம் ஒவ்வொரு ஆண்டும் மார்ச் முடிந்ததும், எத்தனை மேல்முறையீடு வந்தது, எத்தனை பைசல் ஆனது, எத்தனை நிலுவையில் நிற்கிறது என்று கட்டம் போட்டு எழுதி அனுப்புவார். பைசல் ஆனதை மறுபடியும் பிரித்து, ஏற்கப்பட்டவை, தள்ளுபடி ஆனவை, வாபஸ் வாங்கப்பட்டவை, மேல்முறையீடு செய்தவர் இறந்துபோனதால் முடிக்கப்பட்டவை என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்தில் அவர் வருடா வருடம் 'இல்லை' என்றே எழுதிக்கொண்டிருந்தார். மற்ற மன்றங்களில் வியாபாரிகள் வழக்குக்கு அலைந்து அலைந்து முறையாகச் செத்துக்கொண்டிருக்க, மேலச்சந்தையில் மட்டும் ஒருவர்கூடச் சாகவில்லையே, விவரம் விடுபட்டுவிட்டதா அல்லது உதவியாளர் தூங்குகிறாரா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. ஞானதிரவியம் பயந்த சுபாவம். நிலுவையில் உள்ள ஒவ்வொருவர் வீட்டுக்கும் சைக்கிளில் போய்க் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று கேட்டார். எல்லோரும் இருந்தார்கள்.

சிலர் இருக்கக் கூடாத நிலையில் இருந்தார்கள். எண்ணெய்ச் செக்கு உரிமத்துக்காக வழக்குப் போட்டிருந்த ஒருவர், பெயர்ப் பலகை மாட்டும்போது மின்கம்பியைப் பிடித்து, ஊரே பார்க்கக் கருகித் தொங்கியவர், கீழே இறக்கியதும் எழுந்து உட்கார்ந்து சர்க்கரை இல்லாமல் ஒரு டீ கேட்டிருந்தார். தீப்பெட்டி மொத்த வியாபாரி ஒருவரை டாக்டர்கள் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பி, உறவுக்காரர்கள் எல்லாம் வந்து அழுது முடித்து, சோறு தின்றுவிட்டுப் போன பிறகும் அவர் போகவில்லை. ஞானதிரவியம் இதையெல்லாம் எழுதாமல், விவரம் நேரில் சரிபார்க்கப்பட்டது, மேல்முறையீட்டாளர்கள் அனைவரும் உயிருடன் உள்ளனர் என்று மட்டும் பதில் போட்டார். குறித்துக்கொள்ளப்பட்டது என்று தலைமை அலுவலகம் எழுதியது.

அரசாங்கமே குறித்துக்கொண்ட பிறகு நாங்கள் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஏன் இப்படி என்று யோசித்தவர்கள் இரண்டொரு பேர்தான். எப்படி உள்ளே நுழைவது என்று யோசித்தவர்கள்தான் மிச்சம் எல்லோரும். மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் முதலில் யாராவது நம் உரிமத்தை மறுக்க வேண்டும், மறுக்க வேண்டுமானால் நாம் வியாபாரியாக இருக்க வேண்டும், ஆகவே ஒரு வருடத்துக்குள் மேலச்சந்தையில் வியாபாரி அல்லாத ஆளே இல்லாமல் போய்விட்டது. ரிட்டையரான தமிழாசிரியர் பள்ளிக்கூட வாசலில் வெடிமருந்துக் கிடங்கு வைக்க விண்ணப்பித்தார். கோயில் ஓதுவார் கோபுர வாசலில் கருவாட்டுக் கடை கேட்டார். உரிமம் வழங்கும் அதிகாரி அதுவரை ஊரில் எல்லோரும் சபிக்கிற மனிதராக இருந்தவர். இப்போது அவர் வீட்டுக்குத் தட்டில் பழமும் வெற்றிலையுமாக ஜனங்கள் வந்து, எப்படியாவது எங்களை நிராகரித்துவிடுங்கள் என்று கும்பிட்டு நின்றார்கள், அவரும் மனம் குளிர்ந்து நிராகரித்தார், நிஜமாகவே டீக்கடை வைத்துப் பிழைக்க நினைத்த நாலு பேரையும் சேர்த்தே நிராகரித்தார்.

அதன் பிறகு எல்லாம் பழகிவிட்டது. டாக்டர் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே 'வக்கீலைப் பார்க்கவும்' என்று எழுதினார். பெண் பார்க்க வருகிறவர்கள், மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் நிலுவை இருக்கிறதா என்று கேட்டார்கள். வழக்குத் தள்ளிப்போகிற வாய்தா தேதியன்று வீட்டில் பாயசம் வைப்பது வழக்கமானது. பாடை கட்டிச் சங்கு ஊதுகிற சுடலைமணி, ஊரில் தன் தொழில் அடியோடு படுத்துவிட்டது, இதுவும் ஒரு வணிக பாதிப்புதானே என்று மன்றத்தில் மனுப் போட்டான். மனுவை எடுத்துக்கொண்டார்கள், ஆகையால் அவனும் சாகாதவர்களில் ஒருவனாகி, வாய்தா விருந்துகளுக்கு நாற்காலி வாடகைக்கு விட ஆரம்பித்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் ஏதோ வரம் வாங்கி வந்தவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுவார்கள். நிலுவை சாவைத்தான் நிறுத்தியது, வேறு எதையும் நிறுத்தவில்லை. பல் விழுந்தது, கண் மங்கியது, மூட்டு இறுகியது, படுத்தவர்களுக்குப் படுக்கைப் புண் வந்தது. வழக்கு முடிந்தால், சாகிற நாள் வராதவர்கள் சாதாரணமாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள், நாள் எப்போதோ கடந்து போனவர்கள் தீர்ப்பு எழுதி முடிந்த கையோடு போய்ச் சேர்ந்தார்கள். வலி தாங்க முடியாத சில கிழவர்கள், பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஆட்டோ பிடித்து வந்து, வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று கைநாட்டு வைத்துவிட்டு, மன்றத்து வேப்பமரத்தடியிலேயே படுத்துக்கொள்வதும் உண்டு. அவர்களைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

இவர்கள் எல்லோரிலும் மூத்த நிலுவை, தங்கப்பழம் அண்ணாச்சியின் நிலுவை. தெற்குத் தெருவில் பெரிய வத்தல் மண்டி வைத்திருந்தவர், மிளகாய்ப் பொடியும் அரைத்து விற்றவர். ஒரு நாள் சோதனைக்கு வந்த அதிகாரிகள் அவர் கடைப் பொடியில் இரண்டு பொட்டலம் கட்டி, ஒன்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப, அதில் செங்கல் பொடி கலந்திருக்கிறது என்று பதில் வந்து, உரிமம் ரத்தாகி, மண்டிக்குச் சீல் விழுந்தது. அன்றைக்கே பல கடைகளில் பொட்டலம் கட்டினார்கள், யாருடையதோ என்னுடையதோடு மாறிவிட்டது, சாட்சிக்கு எடுத்து வைத்த இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள், இதுதான் அவருடைய மேல்முறையீடு மொத்தமும். பொட்டலம் மன்றத்து அலமாரியில் அரக்கு முத்திரையோடு இருந்தது. பதினெட்டு வருடம் ஆனதோ இருபது வருடம் ஆனதோ, பிரிப்பதற்கு ஒருநாள்கூட வாய்க்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், அவருக்குச் செங்கப்பொடி என்று பெயர் வைத்தோம். முகத்துக்கு நேரே அண்ணாச்சி, முதுகுக்குப் பின்னால் செங்கப்பொடி. தபால்காரர்கூட, செங்கப்பொடி வீட்டுக்கு ஒரு கடிதம் என்றுதான் சொல்வார். மிளகாயை விற்றுப் பிழைக்கிற ஊரில் ஒரு மனிதனுக்கு இதைவிடக் கேவலமான பெயர் வைக்க முடியாது என்பது தெரிந்தேதான் வைத்தோம். அவர் மனைவி அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டே போனாள். அவள் பேரில் வழக்கு எதுவும் இல்லாததால் அவளால் போக முடிந்தது.

மிச்சம் இருந்தது மகள் செண்பகக்கனி. கல்யாணம் ஆகிப் போய், ஒத்துவராமல் திரும்பி வந்து, அப்பாவுக்குச் சோறு ஊட்டி, துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைத்து, அதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவள். அண்ணாச்சிக்கு இதயம் ஒருமுறை நின்று, மறுபடியும் ஒருமுறை நின்று, டாக்டர் கையை விரித்தும் அவர் இருந்தார். கண் போனது, கால் போனது, தொண்ணூறைத் தாண்டியும் இருந்தார். அவருக்குக் கண் போன பிறகு வழக்கை நடத்தும் அதிகாரம் முழுக்க மகள் பேருக்கு மாறியிருந்தது. வாய்தா நாளில் எல்லாம் கட்டிலோடு வேனில் ஏற்றி வருவார்கள், டவாலி அவர் பெயரை மூன்று முறை கூப்பிடுவான், வக்கீல் பரசுராமன் எழுந்து மெல்ல ஏதோ சொல்வார், வழக்குத் தள்ளிப்போகும், அண்ணாச்சி கோர்ட்டைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

நல்லது எதுவும் ரொம்ப நாள் அரசாங்கத்தின் கண்ணில் படாமல் இருக்காது. மாநிலத்திலேயே அதிக நிலுவை மேலச்சந்தையில்தான் என்று ஞானதிரவியத்தின் கணக்கே காட்டிக்கொடுத்தது. தாக்கல் என்ற கட்டம் வீங்கிக்கொண்டே போக, பைசல் என்ற கட்டம் சோற்றுக்கு ஏங்குகிற பிள்ளை மாதிரி ஒட்டிக் கிடந்தது. பழைய தலைவர் தம்மால் முடிந்தவரை எந்த வழக்கையும் முடிக்காமல், அதனாலேயே எல்லோராலும் தெய்வமாகக் கும்பிடப்பட்டு, மாலைகளோடு ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு மீனலோசனி என்கிற நீதிபதி அம்மா வந்தார், மூத்த வழக்கில் இருந்து தொடங்கி வரிசையாக முடிக்க வேண்டும் என்ற உத்தரவோடு வந்தார்.

நாங்கள் கடையடைத்தோம். வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் முன்னால் நடக்க, வழங்காதே வழங்காதே, தீர்ப்பு வழங்காதே என்று கத்திக்கொண்டு, நடக்க முடிந்தவர்கள் நடந்தும் முடியாதவர்கள் சக்கர நாற்காலியிலும் மன்றத்துக்கு ஊர்வலம் போனோம். அந்த அம்மா வெளியே வந்து, வெயிலில் நின்று, முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்த பிறகு ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"யாரையும் கட்டாயப்படுத்தி முடிக்க மாட்டேன்," என்றார். "தயார்னு சொல்றவங்களுக்குத் தீர்ப்பு. வாய்தா கேக்குறவங்க காரணம் சொல்லணும். காரணம் நியாயமா இருந்தா தருவேன்."

"செத்துப் போயிருவோம்ங்கிறது நியாயமான காரணமாம்மா?" என்று செயலாளர் கேட்டார்.

"நியாயம்தான். டாக்டர் சர்டிபிகேட் வேணும்," என்றார் அந்த அம்மா.

அன்று சாயங்காலமே டாக்டர் வீட்டு முன்னால் வரிசை நின்றது. அவரும் சலிக்காமல், தீர்ப்பு வந்தால் இன்னார் இறந்துவிடுவார் என்று அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செண்பகக்கனியும் ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். ஆனால் ஊர்வலத்துச் சத்தம் தெற்குத் தெரு வரைக்கும் கேட்டிருந்ததே, அண்ணாச்சிக்குக் கண்தான் இல்லை, காது நன்றாக இருந்தது.

"புது ஜட்ஜம்மா தயார்னு சொன்னா முடிச்சுக் குடுப்பாங்களாமே," என்றார். "இந்த வாட்டி தயார்னு சொல்லச் சொல்லு தாயி, நம்ம வக்கீலை."

செண்பகக்கனி கையில் சர்டிபிகேட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எவ்வளவு காலம்தான் ஒரு பொய்யைத் தூக்கிச் சுமப்பாள்?

"அப்பா, இத்தனை வாய்தாவும் கோர்ட்டு போட்டது இல்ல. நாந்தான் போட வச்சேன். உங்களுக்கு மொத வாட்டி நெஞ்சு நின்னுச்சே, அதுல இருந்து நாந்தான் பரசுராமன் சார்கிட்ட சொல்லி ஒவ்வொரு தடவையும் தள்ளி வச்சேன்."

அண்ணாச்சி கையை நீட்டித் துழாவி அவள் முழங்கையைப் பிடித்தார்.

"என்கிட்ட நீ என்ன கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேனே தாயி. இதைப் போயி கேக்காம எடுத்துக்கிட்டியே."

"கேட்டா நீங்க குடுத்திருக்க மாட்டீக."

"மாட்டேன்தான்."

"எனக்கு உங்களை விட்டா யாருப்பா இருக்கா? இந்த வீட்டுல நான் யாருக்குச் சோறு பொங்க?"

"அதுக்காக என்னைய வத்தல் மாதிரி காயப் போட்டே வச்சிருப்பியா? சாகுறதுக்கு எனக்குப் பயம் இல்ல. வேணும்னா எந்தலையெழுத்துன்னு என்னைக்கோ வாபஸ் வாங்கிட்டுப் போயிருப்பேன். வாபஸ் வாங்குனா கலந்தது நாந்தான்னு ஆயிரும். செங்கப்பொடின்னு சாகத்தான் பயமா இருக்கு."

"தீர்ப்பு நமக்கு எதிரா வந்துட்டா?"

"பொட்டலத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் அரைச்சது," என்றார் அண்ணாச்சி.

வாய்தா நாளில் மன்றத்தில் நிற்க இடமில்லை. மூத்த நிலுவை என்ன ஆகிறது என்பதைப் பொறுத்துத்தானே மற்றவர்கள் கதி? ஜன்னல் கம்பியில் எல்லாம் தலைகள் தெரிந்தன. டவாலி தங்கப்பழம், தங்கப்பழம், தங்கப்பழம் என்று இழுத்துக் கூப்பிட்டான். பரசுராமன் பழக்கதோஷத்தில் எழுந்து, கேட்பதற்கு முன்னாலேயே சர்டிபிகேட்டை நீட்டி, "வாய்தா வேணும்மா," என்றார். கட்டிலில் இருந்து அண்ணாச்சி, "வேண்டாம்," என்றார்.

"நடத்துற அதிகாரம் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார் நீதிபதி அம்மா.

செண்பகக்கனி எழுந்து நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கேட்டால் தரத் தயாராக அந்த அம்மா பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள், எங்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள், எங்களில் பலர் தலையைக் குனிந்துகொண்டோம்.

"பொட்டலத்தைப் பிரிங்கம்மா," என்றாள். "அதை மட்டும் மொதல்ல பிரிங்க."

அலமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து வந்தார்கள். அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறது என்று இரண்டு தரப்பு வக்கீலும் பார்த்துச் சொன்னார்கள். பாதியை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்றார் அரசாங்க வக்கீல். அனுப்புவோம், அதற்கு முன்னால் இந்த ஊரில் வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டார் நீதிபதி அம்மா. மேலச்சந்தையில் மிளகாய்ப் பொடியை யாரும் காகிதத்தில் நம்புவதில்லை, ஒரு டம்ளர் தண்ணீரில் தூவிப் பார்ப்போம். மிளகாய் மிதக்கும், செங்கல் அடியில் இறங்கும். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று அரசாங்க வக்கீல் கேட்க, குடிக்கிற தண்ணிக்குச் சட்டத்தில் தடை இல்லை என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். மன்றத்தில் இருந்ததெல்லாம் எவர்சில்வர் டம்ளர், அதில் போட்டால் அடி தெரியாது, ஆகையால் டவாலி எதிர்த்த டீக்கடைக்கு ஓடிப்போய் ஒரு கண்ணாடி டம்ளரைக் கழுவி வாங்கி வந்தான்.

நீதிபதி அம்மா தாமே இறங்கி வந்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். பொடி நிறம் செத்துப் பழுப்பாகிப் போயிருந்தது.

"அடியில எதும் இறங்குச்சா தாயி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

செண்பகக்கனி மண்டிபோட்டு, டம்ளருக்கு நேராகக் கண்ணை வைத்து, வெகுநேரம் பார்த்தாள். அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது என்று பார்த்தாள். நாங்களும் எம்பி எம்பிப் பார்த்தோம்.

"ஒண்ணும் இறங்கலப்பா," என்றாள். "அம்புட்டும் மெதக்குது."

சங்கச் செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டில் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, தப்பாப் பேசிட்டோம், மன்னிச்சிருங்க," என்று அழுதார். எங்களுக்கும் அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை அது, வேறு நல்ல பெயர் எதுவும் அதற்குச் சொல்ல முடியாது.

ஆய்வுக்கூடத்துக்குப் போன பாதிக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, கலப்படம் இல்லை என்று. அதோடு மன்றம் மறுபடியும் கூடியபோது பரசுராமன் செண்பகக்கனியின் காதோடு ஒரு யோசனை சொன்னார். சொன்னது காதோடுதான் என்றாலும் மன்றம் முழுக்கக் கேட்டது. "ஜெயிச்சாச்சும்மா. ஊரே பாத்துருச்சு. தீர்ப்பைத் தேதி குறிக்காம ஒத்திவைங்கன்னு மட்டும் கேப்போம். ஒத்திவச்சாலும் அது நிலுவைதான். பேரும் மீண்டுருச்சு, உசிரும் இருக்கும்."

எங்களுக்கெல்லாம் இது எவ்வளவு பிடித்துப்போனது தெரியுமா! ஒத்திவைங்கம்மா, ஒத்திவைங்கம்மா என்று ஜன்னலில் இருந்தெல்லாம் குரல் வந்தது. இனிமேல் அவரை ஒருவன் செங்கப்பொடி என்று சொன்னால் பல்லை உடைக்கிறோம் என்றார் செயலாளர். மேசையைத் தட்டி அடக்கிவிட்டு நீதிபதி அம்மா சொன்னார், "ஒத்திவைக்க எனக்கு அதிகாரம் இருக்கு. எவ்வளவு நாள் வேணும்னாலும். நீங்க சொல்லுங்கம்மா."

செண்பகக்கனி ஆசைப்பட்டாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது, அவ்வளவு பச்சையாகத் தெரிந்தது. ஒத்திவைங்க என்ற வார்த்தை உதடு வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் அவள் கட்டிலைப் பார்த்துக் குனிந்தாள்.

"அப்பா, என்ன சொல்லட்டும்?"

இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவரிடம் கேட்டாள்.

அண்ணாச்சி சிரித்தார். "ஊரு பாத்துருச்சு, போதும்னு சொல்றாக. நாளைக்கே இந்த ஊரு மறந்துரும், எனக்குத் தெரியாதா இவங்கள. எழுதுனாத்தான் நிக்கும். ஆனா உனக்கு முடியலைன்னா வேண்டாம் தாயி. ஒத்திவச்சுக்க. நான் இருந்துக்கிறேன்."

அவர் இருந்துக்கிறேன் என்று சொன்னதுதான் அவளை உடைத்தது. படுக்கைப் புண்ணோடு, கண்ணும் காலும் இல்லாமல், இன்னும் எத்தனை வருடமோ, மகளுக்காக இருந்துக்கிறேன் என்கிறார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எழுதிருங்கம்மா," என்றாள்.

நீதிபதி அம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சுக்காரர் தட்டினார். சின்னத் தீர்ப்புதான், ஒரு பக்கம்கூட வராது. செண்பகக்கனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். இரண்டாவது பொட்டலத்தில் செங்கல் பொடியோ வேறு கலப்படமோ இல்லை, மேல்முறையீட்டாளர் தங்கப்பழம் விற்ற பொடி சுத்தமானது, உரிமம் ரத்து செய்யப்பட்டது தவறு, மண்டியின் சீலை உடனே அகற்ற வேண்டும், மேல்முறையீடு ஏற்கப்படுகிறது.

"சுத்தமானதுன்னா எழுதியிருக்கு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

"இன்னொருக்கா வாசிங்கம்மா."

ஒரு தீர்ப்பை இரண்டு முறை வாசிக்கிற வழக்கம் எந்த மன்றத்திலும் இல்லை. இருந்தும் அந்த அம்மா மறுபடியும் முதலில் இருந்து, முன்னைவிட நிதானமாக வாசித்தார். செங்கல் பொடியோ வேறு கலப்படமோ இல்லை என்கிற இடம் வரும்போது செண்பகக்கனியின் மடியில் இருந்த கை லேசாகக் கனத்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற எங்களுக்கும் தெரிந்துவிட்டது. நீதிபதி அம்மா நிமிர்ந்து பார்த்து, வாசிப்பதை நிறுத்தினார்.

"முழுசா வாசிச்சிருங்கம்மா," என்றாள் செண்பகக்கனி. "அவருக்குப் பாதியில நிறுத்துனா பிடிக்காது."

அந்த அம்மா எழுந்து நின்றுகொண்டு, மேல்முறையீடு ஏற்கப்படுகிறது என்கிற கடைசி வார்த்தை வரைக்கும் வாசித்தார். நாங்களும் எழுந்து நின்றோம். எங்கள் ஊரில் ஒரு வியாபாரி நியாயம் கிடைத்துச் செத்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சுடலைமணிதான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து கட்டிலின் ஒரு காலைப் பிடித்தான், மற்ற மூன்று கால்களுக்கு நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தோம்.

"வீட்டுக்குத்தானே தங்கச்சி?" என்று கேட்டான் அவன்.

"இல்லண்ணே," என்றாள் செண்பகக்கனி. "மொதல்ல மண்டிக்கு. சீலை உடைக்கையில அவரு அங்க இருக்கணும்."